பயணத்துக்கு முன் ஒரு பற்று வரவு



கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் ஆரணியில் முன்பெல்லாம் ஏலகிரி, ஏற்காடு என்றே பேச்சு நடக்கும். இன்று பிள்ளைகள் சிங்கப்பூர் என்கிறார்கள். செந்தோசாத் தீவில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவை அவர்கள் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துவிட்டார்கள். நேரில் காண்பதுதான் பாக்கி.

இந்த ஆசையைக் குற்றம் என்று நான் கூறமாட்டேன். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருமறையே (29:20) அழைக்கிறது. மனைவி மக்களை மகிழ்விப்பதும் நன்மையே. ஆனால் அந்த மகிழ்ச்சியின் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

ஈராண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதும் சிறுவனின் தந்தை என்னை இல்லத்துக்கு அழைத்தார். நான்கு தறிகளுக்குப் பாவும் சரிகையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்கும் சிறு வணிகர் அவர். "ஹஜ்ரத், பயண முகவர் தவணையில் அழைத்துப் போகிறேன் என்கிறார். வட்டி இல்லையாம். சேரலாமா?" என்று கேட்டார். நான் அவருடைய கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நெசவாளிக்குப் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, நெய்து வந்த சேலையையும் எடை போட்டு வாங்குகிறவர், மூன்று இலட்சம் ரூபாய்ச் செலவை மட்டும் எடை போடாமல் விடலாமா?

இருவரும் எழுதத் தொடங்கினோம். முதலில் கடவுச்சீட்டு. பெரியவருக்கு 1,500 ரூபாய், சிறாருக்கு 1,000 ரூபாய். நால்வருக்கு 5,000 ஆயிற்று. அடுத்து விசா. தலைக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி அரசுக் கட்டணம். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. முகவரின் கூலி தனி. வந்திறங்குவோர் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை; அதற்குப் பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாறவேண்டாம்.

பிறகு விமானம். இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். ஆரணியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் போய்வரும் வண்டி வாடகையை எழுத மறப்பவர்களே அதிகம். விடுதியில் 100 வெள்ளி என்று சொல்லப்படும் அறைக்குப் பல இடங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 விழுக்காடு வரியும் சேர்ந்து ஏறத்தாழ 120 வெள்ளி ஆகிவிடும்.

பூங்கா நுழைவுச்சீட்டில் 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம். 13 வயது ஆனால் பெரியவர் கட்டணம். வரிசையில் காத்திராமல் செல்லும் விரைவுச்சீட்டுக்குத் தனி விலை உண்டு. பெரிய சவாரிகளுக்கு உயர வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு 122 சென்டிமீட்டர், மற்றொன்றுக்கு 125. புறப்படுமுன் வீட்டுச் சுவரிலேயே பிள்ளையை அளந்துவிட்டால், கடல் கடந்து போய் வாசலில் நின்று அழவேண்டியதில்லை.

முகவரிடம் முழுத் தொகுப்பாக வாங்குவோர் இன்னொன்றையும் அறியவேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு வருமான வரியின் ஒரு பகுதி விற்கும் இடத்திலேயே வசூலிக்கப்படுகிறது. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அது கையிலிருந்து போகும் ரொக்கம்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது, உள்ளிருந்து அவருடைய மனைவியார் கேட்டார்: "தறிக்காரர்களுக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கியை எந்த வரியில் எழுதப் போகிறீர்கள்?"

அவர் தலை குனிந்தார். நானும் வாயடைத்துப் போனேன். அந்தக் கேள்வியை நானல்லவா கேட்டிருக்க வேண்டும்! உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த அண்ணலார் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நான்கு வீடுகளின் அடுப்பு காத்திருக்க, நம் பிள்ளைகள் சவாரி ஏறினால் அந்தச் சீட்டின் விலையை உண்மையில் செலுத்தியவர் யார்?

முகவரின் தவணைத் தாளையும் படித்துப் பார்த்தோம். வட்டி என்ற சொல் முதல் பக்கத்தில் இல்லை. தவணை தவறினால் ஏறும் தொகை கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர் தாளை மடித்து வைத்துவிட்டார்.

மலேசிய முஸ்லிம்களின் முன்மாதிரியை அவருக்கு எடுத்துரைத்தேன். ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுத் திரும்பிய பின் வறுமையில் வாடிய கிராமத்தாரைக் கண்டு, பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959-இல் ஒரு திட்டம் வகுத்தார். அதிலிருந்து 1963-இல் பிறந்த சேமிப்பு நிறுவனமே இன்றைய தாபுங் ஹாஜி. வட்டியின்றிச் சிறுகச் சிறுகச் சேர்த்து, சேர்ந்த பின் பயணம் புறப்படுவது அதன் வழி. கடமையான ஹஜ்ஜுக்கே அந்த ஒழுங்கு என்றால், கேளிக்கைக்கு எவ்வளவு வேண்டும்!

அவர் முதலில் கூலிப் பாக்கியைத் தீர்த்தார். பிறகு மாதம் 15,000 ரூபாய் ஒதுக்கினார். இருபது மாதங்களில் மூன்று இலட்சம். கணக்கு எழுதும் பொறுப்பு மகளுக்கு. இரு மாதங்களில் தொகை குறைந்தபோது, உணவகச் செலவை நிறுத்தி அவளே ஈடுகட்டினாளாம்.

இடைப்பட்ட காலத்தில் அவளுக்குப் பதின்மூன்று வயது நிறைந்துவிட்டது. சிறுவர் சீட்டு போய்ப் பெரியவர் சீட்டு வாங்க நேர்ந்தது. காத்திருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. "அந்தக் கூடுதல் பணம் மட்டும் எனக்கு வலிக்கவேயில்லை, ஹஜ்ரத்" என்றார் திரும்பி வந்தவர்.

பூங்காவுக்கு ஒரே நாள். மற்ற நாள்களில் செலவில்லாத இடங்களைப் பார்த்திருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் தொழுதார்கள். 1828 முதல் 1830 வரை எழுப்பப்பட்ட நாகூர் தர்காக் கட்டடத்தையும் கண்டார்கள். உணவுக் கடைகளில் ஹலால் சான்றிதழைப் பார்த்தே உண்டார்கள். அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அதை வழங்குகிறது.

அன்பு வாசகர்களே! வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவே நில்லுங்கள் என்பது திருமறையின் (25:67) வழிகாட்டல். இந்தக் கோடையில் உங்கள் இல்லத்திலும் சிங்கப்பூர்ப் பேச்சு எழுந்தால் ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் பயணச் செலவை எழுதாதீர்கள். யாருக்கெல்லாம் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். கடன், கூலி, ஜகாத், மனைவியின் மஹர் ஆகிய நான்கும் தீர்ந்த பின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். கணக்கைப் பிள்ளைகளே எழுதட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் பற்று வரவுகளையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.