கபடி வீரர்களுக்கும் சங்கம் வேண்டும்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் ஈரமண் தளத்தில் பையன்கள் கபடி பழகுகிறார்கள். என் தம்பியும் அங்கே ஆடியவன்தான். போன வருடம் வெளியூர்ப் போட்டி ஒன்றில் அவன் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. நடத்தியவர்கள் ஐஸ் கட்டி வைத்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

புரோ கபடி லீக் 2014-இல் வந்த பிறகு இந்த ஆட்டத்தில் கோடிகள் புரள்கின்றன. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்த பவன் செராவத்துக்கே முதல் ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை. பரிசுத்தொகையை நம்பி ஊர் ஊராகப் போகிறவனுக்கு அடிபட்டால் யார் பார்ப்பது? அதே ஆண்டு ஜூலையில் பண்ருட்டி அருகே ஓர் இளைஞர் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார்.

காப்பீடு, தமிழில் ஒப்பந்தம், களத்தருகே ஆம்புலன்ஸ். தனியாளாக இவற்றைக் கேட்கிறவனை அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். இந்தியக் கிரிக்கெட்டில் 2019-இல் வந்த வீரர்கள் சங்கமும் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான். கபடிக்காரனுக்கு ஆடுகிற வயதிலேயே சங்கம் வேண்டும், லீக் வீரரும் ஊர் டீம் பையனும் ஒன்றாக.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். அவருக்குச் சங்கம் உண்டு, பி.எஃப். உண்டு. தம்பிக்கு எதுவுமில்லை.

– கபடி வீரன் ஒருவனின் அண்ணன், தென்காசி