வழக்கின் பொருளுக்கு வாய் இல்லையா?

தந்தை பேசுகிறார். தாய் பேசுகிறார். இருவருக்காகவும் பேச இரு வழக்கறிஞர்கள். யாரைப் பற்றி இத்தனை வாதம்? வெளியே தாழ்வாரத்து பெஞ்சில், புத்தகப் பையை மடியில் இருத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறதே, அந்தக் குழந்தையைப் பற்றி! அதனிடம் மட்டும் கேட்பாரில்லை.

நாம் ஆசிரியத் தொழில் செய்வோர். வாய்தா நாள்தோறும் நம் வகுப்பில் ஓர் இடம் காலியாகும். மறுநாள் வந்த மாணவியிடம், "நீதிபதி என்னம்மா கேட்டார்?" என்றோம். "என்னை உள்ளேயே கூப்பிடல சார்" என்றாள். கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்கும் துணிவு நமக்கும் வரவில்லை.

சட்டத்தில் இடமில்லையோ? உண்டு! 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 17-ஆம் பிரிவு, அறிந்து விருப்பம் கூறும் அகவை எய்திய சிறாரின் விருப்பத்தை மன்றம் கருதிப் பார்க்கலாம் என்கிறது. பார்க்கலாம்! பார்த்தாலும் சரி, பாராதுவிட்டாலும் சரி! 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் விதியோ, அகவைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பைக் குழந்தையின் கருத்துக்கு அளித்தாக வேண்டும் என்கிறது. 1992-இல் இந்தியா அதனை ஏற்றது. ஏற்றும் என்ன? அந்த 'லாம்' அசையவில்லை.

"குழந்தை, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும்" என்பர். பெரியவர்கள் மட்டும் எவரும் சொல்லிக்கொடுக்காமலா கூண்டேறுகின்றனர்? கொலை வழக்கில், வினாவைப் புரிந்து விடையளிக்கும் குழந்தையின் சாட்சியம் ஏற்கத்தக்கது என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். அதன் இடத்தில் வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. ஒருவனைச் சிறைக்கு அனுப்பத் தகுந்த வாய், தான் எந்த வீட்டில் உறங்குவது என்று சொல்லத் தகாததோ?

தம் அறைக்கு அழைத்து அன்போடு வினவும் நீதிபதிகள் உளர், போற்றுகிறோம். ஆயினும், குழந்தையின் உரிமை நீதிபதியின் குணத்தை நம்பியா நிற்பது?

அப்பாவா அம்மாவா என்று நடுமன்றத்தில் நிறுத்திக் கேட்பது கொடுமை. அதனை நாம் கேட்கவில்லை. தீர்ப்பின் சுமையைக் குழந்தையின் தோளில் ஏற்றவும் சொல்லவில்லை. பெற்றோர் இல்லாத தனியறை. 1984-ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டமே துணைக்கு அழைக்க இடந்தரும் நலவல்லுநர் ஒருவர். எந்தப் பள்ளி, எந்தப் பாட்டி, எதற்கு அச்சம் என்ற எளிய வினாக்கள். பிறகு, குழந்தை சொன்னது இது, ஏற்காத காரணம் இது என்று தீர்ப்பில் நான்கு வரி. இதற்கும் பஞ்சமா?

அந்த மாணவிக்கு வரும் திங்களன்று மீண்டும் வாய்தா. விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்று எதனை எழுதுவது எனக் கேட்டுக்கொண்டு நம்முன் நிற்கிறாள்.