தானத்து மாடா இது?

"மருந்து இனாம், டாக்டர் இனாம். அப்புறம் என்ன கேள்வி?"

இ.எஸ்.ஐ. மருந்தக வாசலில் நாம் கேட்கும் குரல் இது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதே குரல்தான். தானத்து மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள் கனவான்கள்.

மாடு தானமா? முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டவேண்டும். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் மில் தொழிலாளியின் பேரில் 480 ரூபாய் போய்ச் சேருகிறது. அவர் நோயில் விழுந்தாலும் போகிறது, விழாவிட்டாலும் போகிறது. முதலாளி கட்டும் பங்கு மட்டும் எங்கிருந்து வந்தது? ராத்திரி ஷிப்டில் கண் விழித்து இழை பிணைத்த கையிலிருந்து வந்ததுதானே!

வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. சீட்டும் கிடையாது. ஆனால் அவள் வாங்கும் சோப்பிலும் சேலையிலும் வரி இருக்கிறது. சுகாதார நிலையத்தின் சுவரும், டாக்டரின் சம்பளமும், ஊசி மருந்தும் ஜனங்களின் வரிப் பணம்தான். இதற்குப் பெயர் இனாமா?

கோர்ட்டு என்ன சொல்கிறது? 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் அதற்குள் அடங்கும், டாக்டர் அஜாக்கிரதையாக இருந்தால் நோயாளி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போடலாம் என்று 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு ஒரு கதவைச் சாத்தியது. எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் சர்க்கார் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்தில் வராது. ஜனங்கள் வரி கட்டுகிறார்களே என்றால், வரி வைத்தியத்துக்குக் கொடுத்த கட்டணம் ஆகாதாம்!

பார்த்தீர்களா சங்கதியை? கல்லாவில் நோட்டை நீட்டினவன் கேள்வி கேட்கலாம். வியர்வையாகவும் வரியாகவும் கொடுத்தவள் கேட்கக்கூடாது. சிவில் கோர்ட் இருக்கிறதே என்பார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாத வீட்டுக்காரி எத்தனை வருஷம் கோர்ட்டுப் படி ஏறுவாள்?

இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு இந்த நியாயம் கிடைக்கவே மேலும் 12 வருஷம் பிடித்தது. ஹரியானாவில் சோனிபட்டைச் சேர்ந்த ஒருவர் தம் மனைவியை நீரிழிவுக்காக இ.எஸ்.ஐ. வைத்தியத்தில் சேர்த்தார். உடல்நிலை மோசமாகிக்கொண்டே போயிற்று. வெளியே தனியாரிடம் சோதித்தபோது நோயையே தவறாகக் கணித்திருப்பது தெரிந்தது என்று வழக்குத் தொடுத்தார். சந்தா கட்டிய தொழிலாளி பெறும் வைத்தியம் இலவசமல்ல, அவருக்கு நுகர்வோர் மன்றம் போக உரிமை உண்டு என்று 2007 மே மாதம் சுப்ரீம் கோர்ட் கூறியது. வாதாடிப் பெற்ற உரிமை இது.

ஆனால் கோர்ட்டு, உடம்பு கெட்ட பிறகு போகிற இடம். டாக்டரை அன்றாடம் எடைபோட நமக்கு ஒரு தராசு வேண்டாமா?

இங்கே நம் குறையையும் சொல்லவேண்டும். ஊசி போட்டால் கெட்டிக்கார டாக்டர், குளுக்கோஸ் ஏற்றினால் பெரிய டாக்டர் என்று நம்மில் பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தப்பு, தோழர்களே! கோபம் வந்தால் டாக்டரின் சட்டையைப் பிடிப்பதும் தப்பு. அது தீர்ப்பாகாது.

நல்ல தராசு பழையது. இத்தாலி தேசத்து டாக்டர் பெர்னார்டினோ ராமஸினி 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு அவன் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்கவேண்டும் என்று மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் டாக்டர் கேட்டாரா?

கேட்காவிட்டால் என்ன ஆகும்? புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறவருக்கு, வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் மூச்சு முட்டும். இதற்கு பிஸினோஸிஸ் என்று பெயர். 1948-ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில் நோயாக ஏறியிருக்கிறது. "என்ன வேலை? எந்த நாளில் அதிகம்?" என்று கேட்காத டாக்டர், "பீடியை நிறுத்து" என்று இருமல் மருந்து எழுதுவார். நோயின் பெயர் மாறினால் நஷ்டஈட்டு உரிமையும் கைவிட்டுப் போகும். தூசியைக் கக்கும் மெஷின் தன் பாட்டில் ஓடும். பூச்சி மருந்து அடித்துவிட்டு வாந்தியும் தலைசுற்றலுமாக வந்த விவசாயத் தொழிலாளியிடம், என்ன மருந்து அடித்தாய் என்று கேட்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேட்க நேரமில்லை என்கிறார் டாக்டர். அதில் உண்மை உண்டு. 67 நாடுகளில் முதல்நிலை வைத்தியத்தில் டாக்டர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரத்தைப் பற்றி 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. நம் நாட்டில் சுமார் 2 நிமிஷம். அந்த நிமிஷங்களைத் திருடியது யார்? ஜனங்களுக்குப் போதுமான டாக்டர்களை நியமிக்காதவர்களும், காலியான இடத்தை நிரப்பாதவர்களும்தான். டாக்டரை எடைபோடும்போது இவர்களையும் தட்டில் ஏற்றுவோம்!

நோயாளிச் சீட்டில் தொழிலை எழுது! எத்தனை டாக்டர் இடம், எத்தனை காலி என்று வாசலில் பலகை வை! புகார் கொடுத்தால் ரசீது கொடு! சர்க்கார் ஆஸ்பத்திரி நோயாளிக்கும் நுகர்வோர் மன்றத்தின் கதவைத் திற! இவை நம் கோரிக்கைகள்.

நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. ஒரே டிபார்ட்மெண்டில் வேலை செய்யும் பத்துப் பேரின் சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். பத்திலும் ஒரே இருமல் இருந்தால் அது பத்துப் பேரின் தலைவிதி ஆகுமா? சீட்டுகளை எடுத்துக்கொண்டு சேர்ந்து போய்க் கேளுங்கள்.

பல்லைப் பிடித்துத்தான் பார்ப்போம். மாடு நம்முடையது!