மயக்க ஊசியும் மார்ச்சளியும்

வயதான தாய் தகப்பனை வீட்டில் வைத்திருக்கும் தோழர்களுக்காக இன்று எழுதுகிறோம்.

குழாய் விட்டு வயிற்றையோ குடலையோ பார்க்க வேண்டுமென்று பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுக்கிறார்கள். "அரை மயக்க ஊசிதான், அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார்கள். உண்மைதான். பெரும்பாலோர் நல்லபடியாகவே திரும்புகிறார்கள். பயந்துகொண்டு சோதனைக்கே போகாமல் இருப்பது அதைவிட ஆபத்து. ஆனால் வீடு திரும்பிய இரண்டாம் மூன்றாம் நாள், காய்ச்சலும் மூச்சிரைப்புமாகப் படுத்துவிடும் பெரியவர்களும் உண்டு. "வயசாச்சு, சளி பிடிச்சிருக்கு" என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம்.

மயக்கத்தில் விழுங்கும் சக்தியும் இருமும் சக்தியும் மந்தப்படுகின்றன. நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். மயக்கத்தில் கிடப்பவருக்கு எச்சிலோ, வயிற்றிலிருந்து மேலேறும் உணவோ சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கிவிடும். அதுவே நிமோனியாவாக மாறலாம். வயதானவருக்கு மருந்து உடம்பைவிட்டு இறங்கவும் நேரமாகும். சுருட்டுக் குடித்தவர், பக்கவாதம் வந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை.

அதனால்தான் பசியாறாமல் வரச் சொல்கிறார்கள். பொதுவாக, சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். டின் பால் ஊற்றிய கோப்பி தண்ணீர்க் கணக்கில் சேராது! "ஒரு வாய் கோப்பிதானே, சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று மறைக்கும் தாத்தாக்களை நாமறிவோம். மறு தேதி எப்போது கிடைக்குமோ, மகனுக்கு இன்னொரு நாள் வேலை கெடுமே என்ற கவலை அவர்களுக்கு. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

தாய்மார்களே, "பாவம், காலையிலேருந்து பட்டினி" என்று பாதித் தூக்கத்தில் கஞ்சி ஊட்டாதீர்கள். நன்றாகத் தெளிந்து, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு முதலில் இரண்டு மிடறு தண்ணீர். புரையேறாவிட்டால் கஞ்சி. அடுத்த சில நாள் கண் வைத்திருங்கள். வயதானவருக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும். சாப்பிட மறுப்பதும், ஆள் தெரியாமல் பேச்சுத் தடுமாறுவதுமே அடையாளமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மயக்க ஊசி போட்டதை மறக்காமல் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் 999.

நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பெற்றவர்களைக் கூட்டிப்போக அவன் தன் வருட லீவைத்தான் எடுக்க வேண்டும். 2 வருடம் நிறையாதவனுக்கு அது 8 நாள், 5 வருடம் கடந்தவனுக்கு 16 நாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டி, முன்கூட்டியே கேட்கும் அந்த ஒரு நாளை, "வெட்டுக்கு ஆளில்லை" என்று மறுப்பது என்ன நியாயம்? கிழவனை பஸ்ஸில் தனியாக அனுப்பவா? மறுத்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். பேச நாங்கள் வருகிறோம்.