பெயர்களுக்குள் புதையல் தேடுகிறவர்கள்

ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாமிலிருந்து நோவா வரை பத்துப் பெயர்கள் வருகின்றன. அவற்றின் எபிரேயப் பொருளை வரிசையாக எழுதினால் சுவிசேஷமே வந்துவிடும் என்று ஒரு பிரசங்கம் உண்டு. மனிதனுக்கு, நியமிக்கப்பட்டது, சாவுள்ள, துக்கம். துதிக்குரிய தேவன், இறங்கி வந்து, போதிப்பார். அவர் மரணம், நம்பிக்கை இழந்தோருக்கு, ஆறுதல் தரும். கன்வென்ஷன் மேடையில் ஒவ்வொரு பெயராக உடைத்துக்காட்டி, கடைசியில் மொத்தமாக வாசிக்கும்போது கூட்டம் சிலிர்த்துப்போகும். "பாத்தீங்களா, இயேசு பிறக்கறதுக்கு எத்தனை ஆயிரம் வருஷம் முன்னாடியே பேர்லயே எழுதி வச்சிருக்கார்!" பிறகு அது வாட்ஸ்அப்பில் வரும், யூடியூபில் வரும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரப்படும்.

இதில் எனக்கு இரண்டு புகார்கள். ஒன்று, அது பொய். இன்னொன்று அதைவிடப் பெரியது: அந்த வம்சப்பட்டியல்கள் உண்மையில் எதைப் பற்றிச் சண்டை போடுகின்றனவோ, அது நம் காதில் விழாமல் இந்த வித்தை பார்த்துக்கொள்கிறது.

பொய்யை முதலில் முடித்துவிடலாம். மெத்தூசலா என்ற பெயரின் முன்பாதி 'ஆள்' என்று பொருள்படும் பழைய சொல். பின்பாதியை எறியும் ஆயுதம் என்று கொள்வது வழக்கம். ஈட்டிக்காரன், அவ்வளவுதான். 'அவன் மரணம் கொண்டுவரும்' என்று படிக்க எபிரேய இலக்கணம் இடம் தருவதில்லை. லாமேக்குக்கோ எபிரேயத்தில் உறுதியான வேர்ச்சொல்லே கிடையாது. 'நம்பிக்கை இழந்தவன்' எங்கிருந்து வந்தான் என்று பிரசங்கியாரைத்தான் கேட்க வேண்டும். கேனான் என்பது காயீன் என்ற பெயரின் நெருங்கிய உறவு. ஒப்பாரியைக் குறிக்கும் ஒரு சொல் அதுபோல ஒலிக்கிறது என்பதற்காக அதைத் துக்கமாக்கிவிட்டார்கள்.

மெத்தூசலா செத்த வருஷம்தானே ஜலப்பிரளயம் வந்தது என்பார்கள். ஆமாம், எபிரேயப் பிரதியின் கணக்குப்படி 187, 182, 600 என்று கூட்டினால் 969 வருகிறது, சரியாக அவன் ஆயுசு. ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் பழைய பிரதிகளில் அந்த எண்கள் 167, 188. அந்தக் கணக்கில் பேழையில் ஏறாத கிழவர் பிரளயத்துக்குப் பிறகும் 14 வருஷம் உயிரோடு இருக்கிறார். அகஸ்டினே இதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒரு பக்கம் முன்னால் இருக்கிறது. நான்காம் அதிகாரத்தில் காயீனின் வம்சம்: ஏனோக்கு, ஈராத், மெகுயவேல், மெத்தூசவேல், லாமேக்கு. ஐந்தாம் அதிகாரத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏனோக்கும் லாமேக்கும் அப்படியே இரண்டிலும் இருக்கிறார்கள். ஈராத் யாரேத்தைப் போலவும், மெத்தூசவேல் மெத்தூசலாவைப் போலவும் ஒலிக்கிறார்கள். ஒரே பழைய மரபு இரண்டு வடிவில் நம் கைக்கு வந்திருக்கிறது என்றுதான் ஆய்வாளர்களில் பலர் சொல்கிறார்கள். காயீன் வழி லாமேக்கு தன் மனைவிகளிடம், காயீனுக்கு ஏழு மடங்கு பழி என்றால் எனக்கு எழுபத்தேழு என்று மார்தட்டுகிறவன். சேத் வழி லாமேக்கு நோவாவின் தகப்பன், 777 வருஷம் வாழ்ந்தவன். எழுதியவன் அந்த எண்ணைச் சும்மா போடவில்லை. பழிவாங்கலின் பெருக்கமாக ஒரு வீட்டில் நின்ற ஏழு, இன்னொரு வீட்டில் ஆறுதலுக்குக் காத்திருந்த ஆயுளாகிறது. கொலைகாரனின் வீட்டிலும் பக்திமானின் வீட்டிலும் ஒரே பெயர்கள். பெயரிலேயே சுவிசேஷம் ஒளிந்திருந்தால் காயீன் வீட்டில் அது ஏன் வேலை செய்யவில்லை?

வேதமே பெயர்களுக்குப் பொருள் சொல்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேதம் அதைப் பட்டவர்த்தனமாகச் செய்கிறது, ரகசியக் குறியீடாக அல்ல. பாபேல் என்றால் அக்காத் மொழியில் கடவுளின் வாசல். ஆதியாகமம் அதைக் 'குழப்பம்' என்ற எபிரேயச் சொல்லோடு முடிச்சுப்போட்டுப் பேரரசின் தலைநகரைக் கிண்டல் செய்கிறது. மோசே என்ற பெயர் துத்மோசே, ராமேசே என்ற பார்வோன்களின் பெயர்களில் வரும் 'பிறந்தவன்' என்ற எகிப்தியச் சொல். யாத்திராகமமோ பார்வோனின் மகளையே எபிரேயத்தில் சிலேடை பேசவைத்து, நீரிலிருந்து எடுத்தேன் என்று சொல்லவைக்கிறது. எகிப்து அரண்மனைப் பெயரை அடிமைகள் தங்கள் மொழிக்கு இழுத்துக்கொண்டார்கள். இது சொற்பிறப்பியல் இல்லை, உரிமை கோரல்.

பெயரைத் திருத்தவும் அவர்கள் தயங்கவில்லை. சவுலின் மகனை நாளாகமம் எஸ்பால் என்கிறது, பாகாலின் ஆள். சாமுவேலின் புத்தகத்தில் அவனே இஸ்போசேத், வெட்கத்தின் ஆள். யோனத்தானின் மகன் மெரிபால் அதேபோல மேவிபோசேத் ஆகிவிட்டான். தாவீதின் சொந்த மகனே ஓரிடத்தில் பெலியாதா, இன்னோரிடத்தில் எலியாதா. பாகால் என்றால் முதலில் 'ஆண்டவன்', 'எஜமான்' என்றுதான் பொருள்; ஒரு காலத்தில் இஸ்ரவேலரே கூசாமல் பிள்ளைகளுக்கு வைத்த பெயர். கிர்பெத் கெய்யாபாவில் தோண்டியெடுத்த ஜாடியொன்றில் எஸ்பால் என்று எழுதியிருந்ததை 2015இல் வெளியிட்டார்கள். பின்னால் வந்த நகலெடுப்பவர்கள் அந்தப் பெயரில் அசூயைப்பட்டு மாற்றிவிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து பரலோகத்திலிருந்து இறங்கிய குறியீடு என்றால் எந்த எழுத்து, எஸ்பாலா இஸ்போசேத்தா?

சரி, அப்படியானால் இந்தப் பட்டியல்களில் ஆவிக்குரிய பாடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நிலத்தில் இருக்கிறது. எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாமல் அப்பா செத்துப்போனார், அதற்காக அவர் பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்குக் காணி கொடு என்று மோசேக்கு முன்னால், சபை முழுவதற்கும் முன்னால் நின்று கேட்டவர்கள். கர்த்தர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார், சட்டம் மாறுகிறது. 1910இல் சமாரியாவில் மையால் எழுதிய பானையோடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, திராட்சரசமும் எண்ணெயும் எந்தப் பகுதியிலிருந்து வந்தன என்ற கணக்கு. அந்தப் பகுதிகளில் இரண்டின் பெயர் நோவாள், ஒக்லாள். வம்சப்பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற வசனம் ஒரு நில வரைபடம். அந்தப் பெண்களின் பெயரில் ஊர்வட்டாரம் இருந்திருக்கிறது. இதைவிட்டுவிட்டு நாளாகமத்தின் ஒன்பது அதிகாரப் பெயர்களில் யாபேஸை மட்டும் பொறுக்கியெடுத்து, எல்லையைப் பெரிதாக்கும் ஜெபமென்று விற்கிறார்கள்.

இனி நான் சொல்லவந்த இடம். எஸ்றாவின் புத்தகத்தில், பாபிலோனிலிருந்து திரும்பிய ஆசாரியக் குடும்பங்கள் சில தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகின்றன. கிடைக்கவில்லை. தீட்டென்று ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். அதே புத்தகத்தின் கடைசி அதிகாரம் அந்நியப் பெண்களைக் கட்டிய ஆண்களின் பெயர்களைப் போடுகிறது, நூற்றுக்கும் மேல். தள்ளிவிடப்பட்ட மனைவிகளில் ஒருத்தியின் பெயர்கூட அதில் இல்லை. சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதோடு புத்தகம் முடிகிறது.

ரூத்தின் புத்தகம் இதற்கு எதிர்வாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. காலத்தைப் பற்றித் தகராறு இருக்கிறது, இருக்கட்டும். உபாகமம் மோவாபியனைப் பத்தாம் தலைமுறைவரை கர்த்தரின் சபைக்குள் விடாதே என்கிறது. அதற்கு முந்தின வசனம் முறைகேடாகப் பிறந்தவனுக்கும் அதே பத்தைச் சொல்கிறது. ரூத் மோவாபியப் பெண். அவள் கதையை முடிக்கும் வம்சப்பட்டியல் யூதாவுக்கும் அவன் மருமகள் தாமாருக்கும் பிறந்த பாரேஸில் ஆரம்பிக்கிறது. விரல்விட்டு எண்ணுங்கள், பத்தாவது பெயர் தாவீது. ரூத்திலிருந்து எண்ணினாலோ அவன் மூன்றாம் தலைமுறைதான், சட்டப்படி வாசலில் நிற்க வேண்டியவன். யூத ரபிகளுக்கு இது தெரிந்தேயிருந்தது. மோவாபியன்தான் கூடாது, மோவாபியப் பெண் கூடும் என்று மிஷ்னா சட்டத்தைத் திறந்துவிட்டது. அதே புத்தகத்தில், ரூத்தைக் கட்டினால் தன் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று விலகிய நெருங்கிய உறவினன் ஒருவன் வருகிறான். எபிரேயத்தில் அவனுக்குப் பெயரில்லை, 'இன்னார்' என்பதோடு சரி. வம்சத்தைக் காப்பாற்றப்போனவன்!

நம் வேதாகமத்தில் இஸ்ரவேலின் பன்னிரண்டு பிரிவுகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட சொல் கோத்திரம். அந்தச் சொல் நமக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. மத்தேயு முதல் அதிகாரத்தில் தாமார், ராகாப், ரூத் வருவதைச் சொல்லிக் கண்கலங்கும் சபைகளில்தான் மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப்பெயருக்குப் பக்கத்தில் சாதிப்பெயர் வருகிறது, கல்லறையில்கூட எல்லை பிரிக்கிறார்கள். பத்துப் பெயர் வித்தை அங்கே யாரையும் உறுத்தாது, அதனால்தான் அதற்கு அவ்வளவு கைதட்டல். அடுத்த கன்வென்ஷனில் பிரசங்கியார் அதைக் கட்டிவைத்துவிட்டு ரூத் நான்காம் அதிகாரத்தைத் திறக்கட்டும். முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்து, "அண்ணாச்சி, பையனுக்குப் பொண்ணு எங்க பாக்குறீங்க?" என்று மைக்கிலேயே கேட்கட்டும்.