பலாலிக்கு எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். இரண்டு ஊர்களின் பெயர்களைத் தந்தால் பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும் கணிப்பான்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. தூரத்தை ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரைமணியைக் கூட்டுவதே பெரும்பாலும் அவற்றின் சூத்திரம். அவ்வழியில் விமானம் ஏதும் பறக்கிறதா என்பது அவற்றின் கவலையல்ல.

அவ்வழியில் இண்டிகோவின் சிறுவிமானம் பறக்கத் தொடங்கியது 2025 மார்ச் 30 அன்றுதான். பயணம் ஒரு மணி நேரம். பலாலியிலிருந்து விமானமே இல்லாத காலத்தில், திருச்சிக்கு வர விரும்பிய யாழ்ப்பாணத்தவர் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மீண்டும் வடக்கே வரவேண்டியிருந்தது. முழுதாக ஒரு பகலும் ஓர் இரவும் அதில் கரையும்.

இதைப் புதுமை என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியர் அமைத்த தளம் பலாலி. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. இலங்கை அப்போது விடுதலைகூடப் பெறவில்லை! பின்னர் போர் வந்தது, பலாலி படைத்தளமாயிற்று. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கி, பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 75 ஆண்டுகளில் தூரம் ஓர் அடிகூட மாறவில்லை.

நேரம் வேறு கணக்கு. நான் வசிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் 18 கிலோமீட்டர்தான். ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்குக் காத்து நின்று, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிடிப்பதுண்டு. மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்குப் பறக்க அதைவிடக் குறைவு, ஒன்றேகால் மணி. (எங்கள் பக்கத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, எத்தனை கேட் என்றுதான் கேட்பார்கள்.) ஆனால் நெரிசலில் தாமதமாவது ஒன்று, வழியே அடைபட்டுப்போவது வேறொன்று. ‘பஞ்சமர்’ நாவலை எழுதிய கே. டானியல் 1986இல் மறைந்தது தஞ்சாவூரில், கல்லறையும் அங்கேதான். அங்கிருந்து யாழ்ப்பாணம் நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டருக்கும் குறைவு. சென்னைக்கும் தஞ்சைக்கும் உள்ள தூரம் அதைவிட அதிகம்.

திறப்பு விழாக்களில் ‘உறவுப் பாலம்’ என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட விமானம் பெரிய பாலமல்ல; ஆயினும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் மனக்குறை வேறு. அந்த ஓடுபாதையைச் சுற்றிய வலிகாமம் வடக்குக் கிராமங்களிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்ட மக்களின் நிலங்களில் ஒரு பகுதி தவணை தவணையாகத் திருப்பித் தரப்பட்டது. எஞ்சியவை இன்னும் படையினர் வசம். சென்னையிலிருந்து வரும் பயணி ஒன்றேகால் மணியில் இறங்கிவிடுகிறார். வேலிக்கு வெளியே நிற்பவருக்கோ, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தம் வீட்டுக் கிணற்றடிக்குப் போக 35 ஆண்டுகள் போதவில்லை.