முதுகோடு கட்டிய உயிர்கள்

மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரிமுல் ஹக். 1995-இல், நோயுற்ற தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டி கேட்டு வீடு வீடாக அலைந்தார். கிடைக்கவில்லை, தாய் இறந்துபோனார். பின்னொரு நாள் தோட்டத்தில் உடன் வேலை செய்தவர் மயங்கி விழ, அவரைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். அவர் பிழைத்தார். நோயாளிகளை ஏற்றிச் செல்வதில் அந்த பைக் பிறகு ஓயவில்லை. கரிமுல் உள்ளூர் மருத்துவர்களிடம் முதலுதவி கற்றார். சொற்பச் சம்பளத்தின் பெரும்பங்கைப் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் செலவிட்டார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்த விருதே பெருமை பெற்றது என்று நம்புகிறோம்.

ஆனால் இத்தகையவர்களுக்குப் பதக்கம் வந்துசேர எத்தனை ஆண்டுகள்! விபத்தில் உதவுவோரைக் காக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது, நல்ல தொடக்கம். அடுத்து, ஊர்தோறும் இப்படி உழைப்பவர்களை மாவட்ட நிர்வாகங்களே தேடிச் செல்ல வேண்டும். முதலுதவிப் பெட்டியும் பயிற்சியும் எரிபொருள் செலவும் அவர்களுக்கு இப்போதே கிடைக்க வேண்டும். பதக்கத்தை அவர்கள் உடலில் தெம்பிருக்கும்போதே அணிவிக்க வேண்டும்.